சட்டை சொல்லும் ஊர்

தில்லியிலும் அமிர்தசரசிலும் லக்னோவிலும் குடியேறி வாழும் தமிழ் நேயர்கள் நாள்தோறும் கேட்கும் சொல் ஒன்று உண்டு. அண்டை அயலிலுள்ள பெண்மணிகள் அணியும் 'கமீஸ்' என்பதே அச்சொல். அது அரபு மொழியினின்று நம் நாட்டிற்கு வந்தது. அரபு மொழிக்கோ, 'காமிசியா' என்னும் பிற்கால இலத்தீன் சொல்லினின்று சென்றது என்பர் மொழி ஆராய்ச்சியாளர். அதே இலத்தீன் சொல், டான்யூப் நதிக்கு வடக்கே கார்பேத்திய மலைகளைச் சூழ்ந்து கிடக்கும் ருமேனிய நாட்டில் 'கமாஷா' எனத் திரிந்து இன்றளவும் வழங்குகிறது. பஞ்சாபியப் பெண்ணின் மேலாடையும் ருமேனிய இடையனின் சட்டையும் பெயரால் உடன்பிறந்தவை என்றால் வியப்பன்றோ! எனினும், இப்பெயருறவு ஒன்றே அந்நாட்டு உடைகளைப் பற்றி நாம் பேசுவதற்குப் போதிய காரணம் ஆகாது. ஊரை விட்டுப் பெயர்ந்தவர்க்கு உடை என்ன பொருள் தருகிறது என்ற கேள்விக்கு அந்நாட்டு வரலாறு ஒரு விடை கூறுகிறது. அவ்விடை அத்துணை எளியதாகவும் இல்லை.

'ருமேனிய தேசிய உடை' என்று இன்று படங்களிலும் விழா மேடைகளிலும் நாம் காண்பது ஏறக்குறைய ஒரே வடிவம். வெண்மையான மேற்சட்டை, அதன் தோளிலும் கையிலும் சிவப்பும் கறுப்புமாகப் பூத்தையல், இடையில் கரிய கம்பளித் துணி. இதனைக் கண்டோர், அந்நாட்டு மக்கள் அனைவரும் பன்னூறு ஆண்டுகளாக இவ்வொன்றையே உடுத்தினர் என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் 'ருமேனிய உடை' என்று ஒன்றை யாரும் அறியார். இன்ன பள்ளத்தாக்கின் உடை, இன்ன ஊரின் உடை என்றே வழங்கிற்று. சந்தைக்கு வந்த பெண்ணின் சட்டைக் கையைப் பார்த்தே, அவள் எவ்வூரினள், கன்னியோ மணமானவளோ, செல்வக் குடியோ எளிய குடியோ என்பதை மற்றவர் அறிந்துகொண்டனர். எழுத்தறியாத மக்களிடையே உடையே முகவரியாக நின்றது. அம்முகவரி எவ்வாறு ஒரு நாட்டின் கொடியாக மாறிற்று என்பதே நாம் கூறப்புகும் கதை.

முதலில் நாட்டின் கிடப்பைத் தெரிந்துகொள்வோம். கார்பேத்திய மலைத்தொடர் நடுவே அரிவாள் போல் வளைந்து கிடக்கிறது. வளைவின் உட்புறம் திரான்சில்வேனியா. தெற்கே டான்யூப் வரை பரந்த நிலம் வாலாக்கியா. ஓல்ட் என்னும் ஆறு அதனை ஊடறுத்து, மேற்கே ஒல்டேனியா என்றும் கிழக்கே முன்டேனியா என்றும் இரண்டாக்குகிறது. மலைக்குக் கிழக்கே மால்டேவியா, அதன் வடகோடியில் புக்கோவினா. மலைகளுக்குள் ஒதுங்கிய வடபுலம் மாராமுரேஷ். தென்மேற்கே பனாத். டான்யூபுக்கும் கருங்கடலுக்கும் இடையே டோப்ரூஜா. இவை யாவும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை அல்ல. வாலாக்கியாவும் மால்டேவியாவும் துருக்கிய சுல்தானுக்குத் திறை செலுத்தின. திரான்சில்வேனியா 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் மன்னர்களின் கைப்பட்டது. புக்கோவினாவை அவர்கள் 1775 இல் எடுத்துக்கொண்டனர். வாலாக்கியாவும் மால்டேவியாவும் ஒன்றானது 1859 இல். திரான்சில்வேனியா வந்து சேர்ந்தது 1918 இல். மொழி ஒன்றாயினும் எல்லைகள் பல. உடைகள் பலவானமைக்கு மலையும் காரணம், மன்னரும் காரணம்.

இவ்வுடைகளின் பழமையைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் சுட்டுவது ரோம் நகரிலுள்ள வெற்றித்தூணை. டிராஜன் என்னும் பேரரசன் கி.பி. 101 முதல் 106 வரை இரு போர்கள் செய்து, இந்நிலத்தில் வாழ்ந்த டேசியர் என்னும் மக்களை வென்றான். அப்போர்க் காட்சிகளைச் சுற்றிலும் செதுக்கிய தூண் 113 இல் நிறுவப்பட்டது. அதில் டேசிய ஆடவர் கால்சட்டையும், இருபுறமும் பிளந்த நீண்ட மேற்சட்டையும் அணிந்து காணப்படுகின்றனர். உயர்குடியினர் தலையில் குல்லாய் உண்டு. அண்மைக் காலத்து ருமேனியக் குடியானவனின் நிழற்படம் ஒன்றை அருகே வைத்துப் பார்ப்பின் ஒற்றுமை வெளிப்படை. 'எம் உடை ஈராயிரம் ஆண்டுப் பழமையது' என்று அந்நாட்டு ஆர்வலர் பெருமை பேசுவது இதனாலேதான். வெட்டுமுறையின் அளவில் அப்பெருமைக்கு இடமுண்டு. ஆயினும், குளிர்நாட்டில் ஆடு மேய்ப்போர் கால்சட்டையும் குல்லாயும் அணிவது எங்கும் இயல்பே. மேலும், நம் கண்ணைக் கவரும் பூத்தையலும் மணியும் ஜரிகையும் அக்கல்லில் இல்லை. துணியோ மண்ணில் நெடுநாள் நிலைப்பதில்லை. காட்சிச் சாலைகளில் இன்றுள்ள ஊருடைகளுள் பெரும்பான்மையானவை 19ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிற்பட்ட காலத்தையும் சேர்ந்தவை. ஆதலின், கல்லை விடுத்து, கையில் உள்ள துணியைக் கொண்டே பேசுவோம்.

பெண்களின் மேற்சட்டைக்கு 'இயே' என்பது பெயர். இதுவும் இலத்தீன் வழிவந்த சொல்லே. ஆளிச்செடியின் நாரால் ஆகியது என்னும் பொருளுடைய 'லினியா' என்பதன் திரிபு. நாமறிந்த தையல்முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. இதில் வளைவாக வெட்டிய துண்டு ஒன்றுகூட இல்லை. தறியிலிருந்து எடுத்த துணியை நேர்கோட்டிலேயே வெட்டுவர். முன்புறம், பின்புறம், இரு கைகள் ஆகிய யாவும் நீள்சதுரத் துண்டுகள். அக்குளில் மட்டும் கை தாராளமாக அசைவதற்காக ஒரு சிறு சதுரத் துண்டு. முன், பின், கை ஆகியவற்றின் மேல்விளிம்புகளை வரிசையாகச் சேர்த்து, நூலோட்டிச் சுருக்கினால் அதுவே கழுத்து. தனியாகத் தோள் வெட்டு இல்லை. கையே கழுத்திலிருந்து தொடங்குகிறது. வீட்டிற் பாடுபட்டு நெய்த துணியில் ஓர் அங்குலமும் வீணாகலாகாது என்ற சிக்கனமே இவ்வெட்டுமுறையைப் பிறப்பித்தது என நாம் கருதுகிறோம்.

அச்சிக்கனத்தை ஈடுசெய்வது போல் அமைந்தது கையின் பூவேலை. மேலிருந்து கீழாக அதனை மூன்று பகுதியாகப் படிக்க வேண்டும். தோளை ஒட்டிய அகன்ற பட்டைக்கு 'அல்டிட்சா' என்று பெயர். சட்டை முழுவதிலும் மிக நெருக்கமான தையல் இங்கேதான் இருக்கும். இதில் வரும் உருவைச் சட்டையின் வேறு எவ்விடத்திலும் திரும்பத் தைக்கலாகாது என்பது மரபு. இதன் கீழே சில விரற்கடை அகலத்தில், வெளிர் மஞ்சள் அல்லது வெண்ணிறம் போன்ற ஒரே நிறத்தில், அடங்கிய பட்டை ஒன்று செல்லும். பரபரப்பான வேலைப்பாட்டிற்குப் பின் கண்ணுக்கு ஓய்வு தருவது போன்றது அது. அதற்கும் கீழே மணிக்கட்டு வரை நேராகவோ சாய்வாகவோ ஓடும் கோடுகள். அவற்றைக் குறிக்கும் ருமேனியச் சொல்லுக்கு 'ஆறுகள்' என்று பொருள். மலையும் கரையும் ஆறுமாகத் தம் ஊரையே அவர்கள் தோளிலிருந்து வழியவிட்டனர் என்று கவிஞர் ஒருவர் கூறலாம். நாம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. ஆனால், சொல் அதுதான்.

உருக்கள் பெரும்பாலும் கோண வடிவின. துணியின் குறுக்கிழையையும் நெட்டிழையையும் எண்ணித் தைத்தமையே இதற்குக் காரணம். ஊசி எண்ணிக்கைப்படி நகரும்போது வட்டம் வாராது. சாய்சதுரமும் படிக்கட்டும் சிலுவையும் விண்மீனும் வரும். இளம்பெண்ணுக்கு ஒளிரும் சிவப்பு. வயது ஏற ஏற நிறம் அடங்கி நீலமும் கறுப்புமாகும். கன்னியர் தலையை மூடுவதில்லை. பின்னலும் பூவும் போதும். மணமானவள் தலையை மூட வேண்டும். முன்டேனியாவிலும் ஒல்டேனியாவிலும் அதற்கென வீட்டிலேயே பட்டுப்புழு வளர்த்து நூற்ற பட்டால், காற்றில் மிதக்கும் நீண்ட முக்காடு நெய்தனர். 'மாராமா' என்பது அதன் பெயர். மெல்லிய வெண்பனி போன்ற அத்துணியைக் காட்சிச் சாலையில் காண்போர், இது குடியானவர் வீட்டுத் தறியிற் பிறந்ததென நம்பத் தயங்குவர்.

இவ்வழகின் பின்னே நின்ற உழைப்பையும் கூறவேண்டும். சட்டைத் துணிக்கு ஆளிநாரினும் மிகுதியாகப் பயன்பட்டது வேறொரு செடியின் நார். நம் நாட்டில் கஞ்சா என்று நாம் முகஞ்சுளிக்கும் செடியின் இனமே அது. அங்கே ஒவ்வொரு வீட்டாரும் நாருக்காகவே அதனைப் பயிரிட்டனர். வேனிலில் விதைத்து, அறுத்து, கட்டுக்கட்டாக நீரில் ஊறவைத்து, உலர்த்தி, அடித்து, சீவி, குளிர்கால இரவுகளில் நூற்று, பிறகு நெய்து, நெய்த துணியை நனைத்து நனைத்து வெயிலில் வெளுக்கும் வரை ஒரு சட்டைக்குரிய துணி ஆயத்தமாவதில்லை. ஊசி வேலை அதற்குப் பிறகே. குளிர்காலத்தில் பெண்கள் ஒரு வீட்டில் கூடி, விளக்கொளியில் நூற்கவும் தைக்கவும் செய்தனர். பாட்டும் கதையும் ஊர்வம்பும் அங்கே நடந்தன. தாய் மகளுக்கு உருக்களைக் கற்பித்ததும் அங்கேதான். பெண் மணம் முடித்துச் செல்கையில் மரப்பெட்டி நிறையத் தான் தைத்தவற்றைக் கொண்டு சென்றாள். அவற்றுள் திருவிழாவுக்கு ஒன்று, உழைப்புக்கு ஒன்று என்ற பாகுபாடு இருந்தது. தன்னை அடக்கம் செய்யும் நாளுக்கென்று ஓர் உடையை எடுத்து வைக்கும் வழக்கமும் உண்டு.

மேற்சட்டை நாடெங்கும் ஒத்த சாயலுடையது. ஊரைப் பிரித்துக் காட்டுவதில் இடைக்குக் கீழுள்ள ஆடையின் பங்கு மிகப் பெரிது. முன்டேனியாவின் மலையடிவாரத்தில், முஷ்செல் வட்டாரத்தில், ஒரே நீண்ட கம்பளித் துணியை இடுப்பைச் சுற்றி உடுத்துவர். பொன் வெள்ளி இழைகள் அதில் மின்னும். இதன் பெயர் 'ஃபோத்தா'. துருக்கி மொழி வழியாக ருமேனியாவிற்குள் புகுந்த சொல் இது. அரபு மொழியிலும் உண்டு. சிந்து நாட்டிலிருந்து வந்த துணி என்று அரபு அகராதியாளர் இதற்கு விளக்கம் எழுதினர். கமீஸ் மேற்கிலிருந்து நம்மிடம் வந்தது போல, இது நம் பக்கத்திலிருந்து மேற்கே சென்றது போலும்! ஒல்டேனியாவிலோ, சுற்றி உடுத்துவதற்குப் பதிலாக நெருங்கிய கொசுவங்கள் வைத்த பாவாடையைக் காணலாம்.

வடக்கே மாராமுரேஷ் மலைநாட்டில் பெண்கள் முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு நீள்சதுரக் கம்பளித் துணிகளைக் கட்டுகின்றனர். அவற்றில் பூவேலை இல்லை. குறுக்காக அகன்ற பட்டைகள் மட்டுமே. கறுப்போடு சிவப்பு, கறுப்போடு மஞ்சள் எனப் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு நிறச்சேர்க்கை மாறும். தொலைவிலிருந்தே, மேட்டில் ஏறிவரும் பெண் எந்த ஆற்றங்கரையினள் என்று கூறிவிடலாம். பூத்தையலை விட இவ்வெறும் பட்டைகளே நமக்கு அழகாகத் தோன்றுகின்றன. தெற்கே பனாத்திலோ சிக்கனம் என்ற சொல்லே இல்லை. பின்புறம் கட்டும் துணியின் மேற்பகுதி மட்டும் ஒரு சாண் நெய்யப்பட்டிருக்கும். அதிலிருந்து கணுக்கால் வரை சிவந்த கம்பளிக் குஞ்சங்கள் மழைத்தாரை போல் தொங்கும். நடனத்தில் அவள் சுழலும்போது அக்குஞ்சங்களும் உடன் சுழலும். நடந்து காட்டுவதற்கன்று, ஆடிக் காட்டுவதற்கென்றே அமைந்த ஆடை அது. புக்கோவினா குளிர் மிக்கது. அங்குச் செம்மறித்தோலால் ஆன கையில்லாச் சட்டையின் ஓரத்தில் கரிய மென்மயிர் பதித்து அணிவர். டோப்ரூஜாவில் துருக்கியரும் தத்தாரியரும் பல்கேரியரும் கலந்து வாழ்ந்தமையால் உடைகளும் கலந்தன.

ஆடவர் உடையில் வேறுபாடு குறைவு. முழங்காலைத் தொடும் வெண்சட்டை, ஒட்டிய கம்பளிக் கால்சட்டை, அகன்ற தோல் இடைக்கச்சு, ஒரே தோலை மடித்து வாரால் கட்டிய காலணி, ஆட்டுக்குட்டித் தோற்குல்லாய் என்று முடித்துவிடலாம். மாராமுரேஷ் ஆடவர் மட்டும் விதிவிலக்கு. அகன்று குட்டையான கால்சட்டையும், உச்சந்தலையில் ஒட்டிவைத்தாற் போன்ற சிறு வைக்கோல் தொப்பியும் அவர்களுடையவை.

இனி, நேயர்கள் தம் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய பகுதிக்கு வருகிறோம். திரான்சில்வேனியாவின் தென்விளிம்பில், சிபியு நகரை அடுத்து, இடையர் ஊர்கள் சில மலையடிவாரத்தில் வரிசையாக உள்ளன. இவற்றின் உடை கறுப்பும் வெளுப்பும் மட்டுமே. வெண்சட்டையில் கரிய தையல், முன்னும் பின்னும் கரிய துணி. இழந்த உரிமைக்குத் துக்கம் காக்கும் கறுப்பு என்று இதற்குக் கதை கூறுவோர் உண்டு. கதை உருக்கமானது, ஆனால், இவ்வூர்களின் பழைய துணிகளில் சிவப்பும் காணப்படுகிறது. கறுப்பு முழுதும் கோலோச்சியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான்.

இவ்விடையர் கோடையில் மலைமேலும் குளிர்காலத்தில் டான்யூப் கரைச் சமவெளியிலுமாக மந்தைகளை ஓட்டித் திரிந்தனர். 18ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரிய ஆட்சியின் சமய நெருக்கடியும் வரிச்சுமையும் தாளாமல், பல குடும்பங்கள் மலையைக் கடந்து வாலாக்கியப் பக்கத்திலேயே தங்கிவிட்டன. அங்குள்ளோர் அவர்களை 'ஹங்கேரிப் பக்கத்தார்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். வந்தவர் பேசியதும் ருமேனிய மொழியே; தொழுததும் அதே வைதிகக் கிறித்தவக் கோயிலிலேயே. ஆயினும் பெயர் ஒட்டிக்கொண்டது. விந்தியத்திற்குத் தெற்கே பிறந்தோர் அனைவரையும் 'மதராசி' என்ற ஒரே சொல்லில் அடக்கிய வழக்கத்தை இவண் நேயர்கள் நினைவுகூர்வர்.

அக்குடியேறிகள் அமைத்த ஊர்களுள் ஒன்று, ஒல்டேனியாவின் வில்ச்சா மாவட்டத்திலுள்ள வைதேயேனி. 'ஐயோ பாவம், அவர்கள்!' என்று பொருள்படும் சொற்றொடரினின்று இப்பெயர் வந்தது என்பது ஊரார் கூற்று. மலை கடந்து ஓய்ந்து வந்து சேர்ந்தோரைக் கண்டு உள்ளூர் மக்கள் அவ்வாறு இரங்கினராம். சுற்றிலும் உள்ள ஒல்டேனிய ஊர்களின் உடை சிவப்பும் பொன்னிழையுமாக ஒளிர்வது. நடுவே வைதேயேனிப் பெண்கள் மட்டும் சிபியுப் பக்கத்துக் கறுப்பு வெளுப்பையே உடுத்தினர். இன்றும் விழாக்காலத்தில் உடுத்துகின்றனர். அடுத்த ஊர்ச் சந்தையில் எடுப்பான நிறங்கள் மலிவாகக் கிடைத்தபோதும் அவற்றை நாடவில்லை. இதைப் பிடிவாதம் என்பதா, பற்று என்பதா? நாம் இரண்டும் என்போம். மந்தையோடு அலைபவனுக்கு நிலம் உறவு தருவதில்லை. மனைவியின் சட்டைக் கையே அவனுடைய ஊர். ஓர் ஐயம் மட்டும் இங்கு எழும். மூத்த ஊர் கறுப்பிற்கு மாறிய அதே காலத்தில் பெயர்ந்த ஊரும் மாறியதெனில், இடையே போக்குவரவு அறாமல் இருந்திருக்க வேண்டும். மந்தைப் பாதை வழியே பாலாடைக் கட்டியும் கம்பளியும் மட்டுமன்றி, புதுப்பாங்கும் மலையைக் கடந்தது போலும். பழமையைக் காத்தவர் என நாம் எண்ணும் குடியேறிகள், உண்மையில் தாயூரின் புதுமையையே தொடர்ந்து காத்தனர் என்று கொள்ள இடமுண்டு.

குடியானவரின் இவ்வுடை தலைநகரில் நுழைந்த கதை வேறு. வாலாக்கியா, மால்டேவியாவின் பிரபுக்கள் இவ்வுடையைத் தொட்டும் பார்த்தவரல்லர். 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் துருக்கிய அரசவைப் பாங்கில் நீண்ட அங்கியும், மென்மயிர்த் தோலாலான பூசணிக்காய் அளவுத் தொப்பியும் அணிந்தனர். 1830களில் அவற்றைக் கழற்றி எறிந்து, அவர்தம் பிள்ளைகள் பாரிஸ் நகரின் கோட்டுக்கு மாறினர். ஒன்று கிழக்கின் இரவல், மற்றொன்று மேற்கின் இரவல். ஆகவே, தேசியம் பேசத் தொடங்கிய தலைமுறை, 'நமக்கென ஓர் உடை எங்கே?' என்று தேடியபோது, குடியானவன் வீட்டைத் தவிர வேறு இடம் அதற்கு இல்லை.

அத்தேடலின் முதற்படம் ஒன்று 1850 இல் தீட்டப்பட்டது. 'புரட்சி ருமேனியா' என்பது அதன் பெயர். வெண்சட்டையும் முக்காடுமாக, மூவண்ணக் கொடி ஏந்திய ஒரு பெண்ணின் உருவம் அது. ருமேனியத் தாயகத்தின் வடிவமாகப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த அப்பெண் யார்? மேரி கிராண்ட் என்ற பெயரோடு கெர்ன்சித் தீவில் பிறந்த ஆங்கிலேய நங்கை. புரட்சியாளர் சி. ஏ. ரோசெட்டியை மணந்து மரியா ரோசெட்டி ஆனவர். தீட்டியவர் கான்ஸ்டன்டின் டேனியல் ரோசென்தால். பெஸ்ட் நகரில் பிறந்த யூத ஓவியர். 1848 வாலாக்கியப் புரட்சி முறியடிக்கப்பட்டபின், தலைவர்களைத் துருக்கியர் கைதுசெய்து டான்யூப் வழியே படகில் கொண்டு சென்றனர். கைக்குழந்தையுடன் மரியாவும், துணையாக ரோசென்தாலும் கரைவழியே அப்படகைத் தொடர்ந்து சென்று, கைதிகள் தப்பிச்செல்ல வழி செய்தனர். ஓவியர் 1851 இல் பெஸ்ட் நகரச் சிறையில் சித்திரவதையால் உயிர் துறந்தார், தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ருமேனிய உடைக்குத் தேசியப் பொருளை முதலில் அளித்தோருள் இவ்விருவரும் முன்நிற்கின்றனர். இருவரும் அந்நாட்டிற் பிறந்தவரல்லர். இதைக் குறையென்று நாம் கூறவில்லை. உள்ளூரார்க்கு அது நாளும் காணும் துணி; வந்தவர் கண்ணுக்கே அது கொடியாகத் தெரிந்தது.

பின்னர் அரசியர் வந்தனர், அவர்களும் வெளிநாட்டவரே. ஜெர்மனியிற் பிறந்த எலிசபெத் அரசி, கார்மன் சில்வா என்ற புனைபெயரில் நூல்கள் எழுதியவர், அரசவை மகளிரையும் குடியானவர் உடை அணியச் செய்தார். விக்டோரியா பேரரசியின் பேத்தியாகிய மேரி, 1893 இல் மணம்புரிந்து வந்து, 1914 இல் அரசியானார். ஊருடையில் அவர் எடுத்துக்கொண்ட நிழற்படங்கள் உலகெங்கும் பரவின. அரண்மனை பெரிதும் விரும்பியது முஷ்செல் வட்டாரத்துப் பொன்னிழை உடையை. அதனால் அதுவே 'தேசிய உடை' எனப் பெயர் பெற்றது. நகரத்துச் சீமாட்டிகள் விருந்துகளுக்குத் தைத்துக்கொண்டதும் அதையே. மலைக்கு அப்பால், ஹங்கேரிய ஆட்சியிலிருந்த திரான்சில்வேனிய ருமேனியரிடம் அரசி இல்லை. அங்கே ஆசிரியர், பாதிரிமார் வீட்டுப் பெண்கள் சிபியுப் பக்கத்துக் கறுப்பு வெளுப்பைத் தேசிய உடையாகக் கொண்டனர். ஒரே நாடு உருவாகுமுன் அதற்கு இரண்டு தேசிய உடைகள்! 1918 டிசம்பர் 1ஆம் நாள் ஆல்பா யூலியா நகரில் 1,228 பிரதிநிதிகள் கூடித் திரான்சில்வேனியாவை ருமேனியாவுடன் இணைத்தபோது, வெளியே கூடிய பெருந்திரளில் குடியானவர் தத்தம் வட்டார உடையிலேயே வந்து நின்றனர். சமோய்லா மர்சா என்ற இளைஞர் அன்று எடுத்த படங்கள் மிகச் சிலவே. அவற்றில் இரண்டு தேசிய உடைகள் அல்ல, பலப்பல ஊர்கள் தெரிகின்றன.

பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1940 இல் தீட்டிய 'ருமேனியச் சட்டை' என்ற ஓவியம் இவ்வுடையின் புகழை எட்டுத் திக்கும் பரப்பியது. தம்மோடு ஒருசாலை மாணாக்கராயிருந்த ருமேனிய ஓவியர் தியோடோர் பல்லாடியின் நட்பால் மத்தீஸ் அச்சட்டைகளை அறிந்தார். உயர்ந்த ஓவியம் என்பதில் ஐயமில்லை. ஆனால், மத்தீஸ் தையலின் நுட்பத்தையெல்லாம் களைந்து, கோட்டையும் நிறத்தையும் மட்டும் நிறுத்தினார். அப்படத்தைக் கொண்டு அது எந்த ஊரின் சட்டை என்று கூறுதல் அரிது. தலைப்பில் நாட்டின் பெயர் உண்டு. தோளில் ஊரின் பெயர் இல்லை.

1947 இன் இறுதியில் மன்னராட்சி ஒழிந்து பொதுவுடைமை ஆட்சி ஏற்பட்டது. 1949 முதல் 1962 வரை நிலங்கள் கூட்டுப்பண்ணைகளாக்கப்பட்டன. இளைஞர் ஆலைகளைத் தேடி நகரம் சென்றனர். வீட்டுத்தறி படிப்படியாக ஓய்ந்தது. அதே வேளையில் மேடையில் இவ்வுடை முன்னெப்போதையும் விடப் பளபளத்தது. அரசு நடனக் குழுக்களுக்கு ஒரே அளவில், ஒரே நிறத்தில் உடைகள் தைக்கப்பட்டன. 1976 இல் தொடங்கிய 'ருமேனியாவைப் பாடுவோம்' என்னும் நாடு தழுவிய விழா இதனை உச்சத்திற்குக் கொண்டு சென்றது. இருபது பெண்கள் ஒரே அச்சில் வார்த்த சட்டையுடன் வரிசையில் நிற்பதைக் காணும் கண்ணுக்கு இனிமைதான். ஆயினும், ஒருத்தியின் சட்டையைப் போல் மற்றொருத்தியுடையது இராமலிருப்பதே இக்கலையின் உயிராக இருந்தது என்பதை அம்மேடை மறந்தது. 1989 இல் அவ்வாட்சி வீழ்ந்தது. கட்சியின் வரலாற்றுக் காட்சிச்சாலையாக இருந்த புக்காரெஸ்ட் மாளிகை 1990 இல் ருமேனியக் குடியானவர் காட்சிச்சாலையாக மீண்டும் மலர்ந்தது. 1996 இல் ஐரோப்பாவின் சிறந்த காட்சிச்சாலைக்கான விருதைப் பெற்றது.

அடுத்து வந்தது பெரும் புலப்பெயர்வு. 2007 இல் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின், ஏற்கெனவே தொடங்கியிருந்த வெளியேற்றம் பெருகியது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கட்டட வேலைக்கும், முதியோரைப் பேணும் பணிக்கும், தோட்ட வேலைக்கும் சென்றோர் பல இலட்சம். 2013 முதல் ஜூன் 24ஆம் நாளை இச்சட்டையின் நாளாகக் கொண்டாடும் வழக்கம் எழுந்தது. அது கோடை நடுவில் வரும் பழைய நாட்டுத் திருநாள். அன்று அயல்நாட்டு நகரச் சதுக்கங்களிலும் ருமேனியப் பெண்கள் இயே அணிந்து கூடுகின்றனர். அவற்றுள் ஆலையில் அடித்தவையும் உண்டு. மால்டேவியக் கையும் முன்டேனியக் கழுத்துமாக எவ்வூருக்கும் உரியதல்லாத கலவைகளும் உண்டு. அறிஞர் இதைக் கண்டு முகம் சுளிப்பர். நமக்கு அவர்கள்மேல் சினம் எழவில்லை. மிலான் நகரில் எதிர்வீட்டார்க்கு முஷ்செல் எது, மாராமுரேஷ் எது என்று தெரியப்போவதில்லை. 'ருமேனியப் பெண்' என்று அறிந்தாலே பெரிது. படிப்பார் இல்லாத இடத்தில் முகவரியை நுணுக்கி எழுதுவோர் யார்?

எனினும், இழப்பு இழப்பே. 2017 இல் பாரிஸ் ஆடைநிலையம் ஒன்று வெளியிட்ட மேற்சட்டை, பீஹோர் மாவட்டத்து இடையரின் பூவேலைத் தோற்சட்டையைப் பெரிதும் ஒத்திருந்தது. மூலத்தின் பெயர் கூறப்படவில்லை. அடுத்த ஆண்டு அம்மாவட்டத்துக் கைவினைஞர் தாம் தைத்த சட்டைகளை மாவட்டத்தின் பெயராலேயே விற்க முன்வந்தபோது, உலகின் பல மூலைகளிலிருந்து வாங்குவோர் வந்தனர். ஊர்ப்பெயர் மீண்டும் மதிப்புப் பெற்றது அன்றுதான். 2022 டிசம்பரில் ருமேனியாவும் மால்டோவா குடியரசும் இணைந்து அளித்த விண்ணப்பத்தின்படி, தோளில் அல்டிட்சா தைத்த மேற்சட்டைக் கலையை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இன்று ருமேனியாவில் பெண்கள் சிறு குழுக்களாகக் கூடுகின்றனர். பாட்டியின் பெட்டியிலிருந்தோ காட்சிச்சாலையிலிருந்தோ பழைய சட்டை ஒன்றைத் தேர்ந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அதன் இழைகளை எண்ணுகின்றனர். எண்ணிக்கையைக் கட்டத்தாளில் குறித்துக்கொள்கின்றனர். மேலே அது எந்த ஊரின் சட்டை என்று எழுதிவிட்டு, புதுத்துணியில் முதல் தையலைத் தோளிலிருந்து தொடங்குகின்றனர்.